நாட்டின் சைபர் பாதுகாப்புத் தலைவர் என்ன செய்கிறார்?

2021 மே 14, வெள்ளிக்கிழமை. அயர்லாந்தின் அரசு சுகாதார சேவையை நடத்தும் எச்எஸ்இ என்ற நிறுவனம், அன்று அதிகாலையில் தன் கணினி வலையமைப்பு முழுவதையும் தானே அணைத்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்ற வகைத் தாக்குதல் அது. நடத்தியது கோன்டி என்ற கும்பல். எச்எஸ்இயின் கணினிச் சூழலில் ஏறத்தாழ 80 சதவீதம் பூட்டப்பட்டது. மருத்துவர்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பினார்கள், பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அந்த வாரம் அயர்லாந்து மக்களைக் கூடுதலாகக் கோபப்படுத்திய செய்தி ஒன்றும் வெளியானது: நாட்டின் தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துக்கு அப்போது நிரந்தர இயக்குநரே இல்லை. ஓராண்டளவாக அந்தப் பதவி காலியாகக் கிடந்தது. அறிவிக்கப்பட்ட சம்பளத்துக்குத் தகுதியான ஆள் வரவில்லை என்பதும், மையத்தில் இருந்தவர்களே ஏறத்தாழ 25 பேர்தான் என்பதும் தெரியவந்தன. அதே ஆண்டு ஜூலையில் அரசு இயக்குநரின் சம்பளத்தை ஆண்டுக்கு 1,84,000 யூரோவாக உயர்த்தியது, பணியாளர் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளில் 70ஆகக் கூட்டவும் முடிவு செய்தது.

அந்தப் பதவியில் திறமையான ஒருவர் இருந்திருந்தால் தாக்குதல் நடந்திருக்காதா? பெரும்பாலும் நடந்தேதான் இருக்கும். இந்தப் பதவியின் இயல்பைப் புரிந்துகொள்ள அந்த விடையிலிருந்து தொடங்குவது நல்லது. நாட்டின் கணினிகளைக் காக்கும் பொறுப்பு ஒரு தலைவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஆனால் அந்தக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை மீது அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மருத்துவமனையின் கணினி மருத்துவமனைக்குச் சொந்தம், வங்கியுடையது வங்கிக்கு, மின் நிலையத்தினுடையது மின் நிறுவனத்துக்கு. ஒரு மாநிலத்தின் பொதுச் சுகாதார இயக்குநர் எவருடைய கையையும் தாமே கழுவிவிட முடியாதல்லவா, இவருடைய நிலையும் ஏறக்குறைய அதுதான்.

எச்எஸ்இ சம்பவத்தின் விவரங்களை, அதன் நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதன்பேரில் பிடபிள்யூசி என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்து அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான அறிக்கை அடுக்கடுக்காகச் சொல்கிறது. மார்ச் 18 அன்று ஓர் ஊழியர், மின்னஞ்சலில் இணைப்பாக வந்த எக்செல் கோப்பு ஒன்றைத் திறந்தார். அங்கிருந்து எட்டு வாரங்கள் தாக்குபவர்கள் உள்ளேயே உலவினார்கள். மார்ச் 31 அன்று அந்த முதல் கணினியிலிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் அவர்களுடைய கருவியை அடையாளமே கண்டது. ஆனால் அது 'கண்காணிக்க மட்டும்' என்ற அமைப்பில் வைக்கப்பட்டிருந்ததால் தடுக்கவில்லை. தாக்குதலுக்கு முந்தைய நாள், 16 கணினிகளிலாவது கவனிக்கப்படாத எச்சரிக்கைகள் இருப்பதாக எச்எஸ்இக்குப் பாதுகாப்புச் சேவை வழங்கிய நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதனங்கள் கொண்ட அந்த நிறுவனத்தில் இணையப் பாதுகாப்புக்கென்று தனிப் பொறுப்பு ஏற்ற உயர் அதிகாரி ஒருவர்கூட இல்லை. தலைநகரில் தேசிய மையத்தின் நாற்காலியில் யார் அமர்ந்திருந்தாலும், அந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் அமைப்பை மாற்றும் உரிமை அவருக்கு இருந்திருக்காது.

ஆனால் அதே நாளில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே 13 பிற்பகலில், அயர்லாந்தின் சுகாதாரத் துறை அமைச்சகத்தின் வலையமைப்பில் ஏதோ சந்தேகத்துக்குரிய நடமாட்டம் இருப்பதாகத் தேசிய மையத்துக்குத் தகவல் கிடைத்தது. மையத்தின் ஆட்கள் உடனே விசாரணையைத் தொடங்கி, கண்காணிப்புக் கருவிகளை நிறுவினார்கள். மறுநாள் காலை அங்கும் அதே வகை ரான்சம்வேரை இயக்க முயற்சி நடந்தது, கண்டுபிடிக்கப்பட்டுத் தடுக்கப்பட்டது. இந்த மையங்களுக்கு உள்ள உண்மையான பலம், தகவல் உரிய நேரத்தில் அவற்றின் காதுக்கு வருவதில்தான் இருக்கிறது. எனவே தலைவரின் முதல் வேலை, நாட்டிலுள்ள நிறுவனங்கள் அஞ்சாமல் தம்மிடம் வந்து சொல்லும்படி செய்வது.

சொல்ல வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சட்டம். இந்தியாவில் செர்ட்-இன் என்ற அவசரகால நடவடிக்கைக் குழு 2004இல் தொடங்கப்பட்டது; தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு அதற்குச் சட்ட அதிகாரம் தருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த ஆணையின்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்கள் கண்ணில் பட்ட ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் சேமித்து வைக்க வேண்டும். கேட்ட தகவலைத் தராதவர்களுக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அந்தப் பிரிவில் இடமுண்டு. மற்றொரு வழி நம்பிக்கை. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் தன்னை ஒழுங்குமுறை அமைப்பாகக் காட்டிக்கொள்வதே இல்லை. தகவல் பாதுகாப்புச் சட்ட மீறலுக்கு அபராதம் போடும் அதிகாரம் வேறோர் ஆணையத்திடம் இருக்கிறது. தாக்குதலுக்கு உள்ளான நிறுவனம் தன்னிடம் ரகசியமாகச் சொன்னதை அந்த நிறுவனத்தின் ஒப்புதல் கேட்காமல் அந்த ஆணையத்துக்குக் கொடுக்கமாட்டோம் என்று 2019இல் மையம் வெளிப்படையாக அறிவித்தது. திருட்டுக் கொடுத்தவன் புகார் சொல்ல வந்தால் அவனையே முதலில் விசாரிப்பார்கள் என்ற பயம் இருக்கும்வரை எவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பது அந்த அறிவிப்பின் பின்னுள்ள கணக்கு. என் கருத்தில் சட்டம் அறிவிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் முதல் மணி நேரத்தில், இன்னும் எதுவும் உறுதியாகாத நிலையில், ஒரு பொறியாளர் தொலைபேசியை எடுத்துப் பேசுவது நம்பிக்கை இருந்தால்தான் நடக்கும்.

தகவல் கிடைத்த பிறகு பொதுமக்களிடம் என்ன சொல்வது என்பதும் இதே அளவு சிக்கலானது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கூடங்குளம். 2019 அக்டோபர் இறுதியில் அந்த அணுமின் நிலையத்தின் கணினிகளில் தீநிரல், அதாவது கெடுதல் செய்ய எழுதப்பட்ட மென்பொருள், புகுந்ததாகச் செய்தி பரவியபோது, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்று அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை வெளியிட்டது: இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பைச் சேர்ந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அதைத் தெரிவித்துவிட்டது, அணு உலை சார்ந்த உள் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை. இரண்டு அறிக்கைகளும் எழுத்துக்கு எழுத்து முரண்பட்டவை அல்ல. ஆயினும் முதல் நாள் மறுப்பைப் படித்தவர்கள் இரண்டாம் நாள் விளக்கத்தை முழுமையாக நம்பவில்லை. தொழில்நுட்ப அமைப்பு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன்பே தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. கெட்டது, அதைச் சொன்ன விதத்தில்.

எச்சரிக்கை விடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் ஏறத்தாழ 150 நாடுகளில் பரவியபோது, பிரிட்டனின் தேசிய மையம் தொடங்கி எட்டு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவைகளை நடத்தும் 236 'டிரஸ்ட்' அமைப்புகளில் 81 பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற சுகாதார சேவையின் மதிப்பீட்டைத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை பதிவு செய்கிறது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது. சுகாதார சேவையின் தொழில்நுட்பப் பிரிவு மார்ச் 17, ஏப்ரல் 28 என்று இருமுறை, உடனே திருத்தத்தைப் போடுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு அவசர அறிவிப்பும் அனுப்பியிருந்தது. எத்தனை மருத்துவமனைகள் அதைச் செய்தன என்று சரிபார்க்க முறையான ஏற்பாடு எதுவும் துறையிடம் இல்லை. தாக்குதல் நடந்த அன்று மின்னஞ்சல் முடங்கியதால் மருத்துவமனை ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் ஒருவரையொருவர் தொடர்புகொண்டார்கள். பரவல் அன்று மாலையே தணிந்ததற்குக் காரணம் எந்த அரசு அமைப்பும் அல்ல. தீநிரலின் உள்ளே எழுதப்பட்டிருந்த, யாரும் பதிவு செய்யாத ஓர் இணைய முகவரியைக் கவனித்துத் தம் பெயரில் பதிவு செய்த ஓர் இளம் ஆராய்ச்சியாளர். அந்த முகவரி உயிர்பெற்றதும் தீநிரல் பரவுவதை நிறுத்திக்கொண்டது.

இதிலிருந்து பிரிட்டன் மையத்தின் முதல் தலைவரான கியாரன் மார்ட்டின் பின்பற்றிய வழியைப் புரிந்துகொள்ளலாம். கோடிக்கணக்கான மனிதர்களைத் திருத்துவதற்குப் பதிலாக, அவர்களுக்குத் தெரியாமலேயே பின்னணியில் சிலவற்றை மாற்றிவிடுவது அந்த வழி. பிரிட்டனின் வரித்துறை பெயரில் போலி மின்னஞ்சல்கள் கொட்டிக்கொண்டிருந்தன: 'உங்களுக்கு வரித் தொகை திரும்ப வர வேண்டியிருக்கிறது, இங்கே சொடுக்குங்கள்' என்ற வகை. இவற்றை நம்பாதீர்கள் என்று சுவரொட்டி அடிப்பது பழைய முறை. அஞ்சல் உண்மையிலேயே அந்த முகவரியிலிருந்துதான் புறப்பட்டதா என்று அஞ்சல் சேவை நிறுவனங்களே சரிபார்த்து, இல்லையென்றால் எறிந்துவிடும் டிமார்க் என்ற ஏற்பாட்டை அரசுத் துறைகள் செய்துகொண்டன. போலித் தளங்களை விரைவாக முடக்கும் சேவையும் சேர்ந்தது. 2016இல் உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்பட்ட பெயர்களின் பட்டியலில் 16ஆம் இடத்திலிருந்த அந்த வரித்துறை, 2018 முடிவில் 146ஆம் இடத்துக்கு இறங்கியது. கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்றச் சொல்லி ஊழியர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அப்படிச் செய்தால் பழைய சொல்லின் முடிவில் ஓர் எண்ணைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று அலுவலகங்களுக்குச் சொன்னதும் இதே சிந்தனைதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல் ஆக்குங்கள் என்ற எளிய அறிவுரை அங்கிருந்து வந்தது. அம்மையத்தின் தொழில்நுட்ப இயக்குநர் இயன் லெவி, பாதுகாப்பு மென்பொருள் விற்பவர்கள் மக்களைப் பயமுறுத்தி மாந்திரீகம் விற்கிறார்கள் என்ற பொருளில் 2017இல் பேசியதுண்டு. விற்பனையாளர்களுக்கு அது பிடித்திருக்காது.

மார்ட்டின் பொறியாளர் அல்லர், வரலாறு படித்த அரசு அதிகாரி. அவருக்குப் பின் வந்த லிண்டி கேமரன் வெளிநாட்டு வளர்ச்சித் துறையிலும் வட அயர்லாந்து அலுவலகத்திலும் பணியாற்றியவர். 2024இல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் தூதராக டெல்லிக்கு வந்துவிட்டார். அவரை அடுத்து பொறுப்பேற்ற ரிச்சர்ட் ஹார்ன் தனியார் ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவர். ஆழ்ந்த தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை அமைச்சருக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் புரியும் மொழியில் பொய்யாக்காமல் சொல்லத் தெரிந்தவர் போதும் என்று பிரிட்டன் கருதியதாகத் தெரிகிறது. இதை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை, ஏற்கவும் தேவையில்லை. ஆனால் நிரல் எழுதத் தெரிந்தவர்தான் இந்த நாற்காலிக்குத் தகுதியானவர் என்ற எண்ணம் தவறு என்பது எனக்குத் தெளிவு.

அமைப்பு அரசின் எந்தக் கூரையின் கீழ் இருக்கிறது என்பதும் தலைவரின் வேலையைப் பெரிதும் மாற்றிவிடும். பிரிட்டனில் அது ஜிசிஎச்கியூ என்ற மின்னணு உளவு அமைப்பின் பகுதி. அமெரிக்காவில் 2018 நவம்பரில் உருவான சிஸா என்ற சைபர் பாதுகாப்பு அமைப்பு, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகிறது. இந்தியாவில் பொறுப்பு பிரிந்து கிடக்கிறது: செர்ட்-இன் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழும், மின்சாரம், வங்கி போன்ற முக்கியக் கட்டமைப்புகளுக்கான என்சிஐஐபிசி என்ற மையம் தேசியத் தொழில்நுட்ப ஆராய்ச்சி அமைப்பு எனப்படும் உளவு அமைப்பின் கீழும் உள்ளன; இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கத் தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் என்ற பதவி தனியே இருக்கிறது.

உளவு அமைப்புக்குள் இருப்பதால் கிடைக்கும் லாபம் பெரிது. எதிரி என்ன செய்கிறான் என்ற ரகசியத் தகவல் பக்கத்து அறையிலேயே கிடைக்கும். ஆனால் அதே கட்டடத்தில் இருப்பவர்களுக்கு மென்பொருளின் ஓட்டைகள் ஆயுதமும்கூட. ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் மைக்ரோசாப்டிடம் சொல்லி அடைக்க வைப்பதா, அல்லது பிற நாடுகளை வேவு பார்க்க ரகசியமாக வைத்துக்கொள்வதா? வானாக்ரை பயன்படுத்திய ஓட்டை, அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அப்படி வைத்திருந்து, பின்னர் திருடர்கள் வெளியிட்ட ஒன்றுதான். பிரிட்டன் இந்த முடிவை எடுக்கும் முறையை 2018 நவம்பரில் வெளியிட்டது; சொல்லிவிடுவதே பொது விதி, மறைப்பதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 2019 மே மாதம் மைக்ரோசாப்ட் அவசரமாக அடைத்த புளூகீப் என்ற ஆபத்தான ஓட்டையை, கைவிடப்பட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் திருத்தம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய ஓட்டை அது, அந்நிறுவனத்துக்குத் தெரிவித்தது பிரிட்டனின் மையமே. இப்படிப்பட்ட சில நிகழ்வுகள் வெளியில் தெரிந்தால்தான், உளவாளிகளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடம் தனியார் நிறுவனம் தன் கதவைத் திறந்து காட்டும்.

அரசியலோடு உரசும் இடங்களும் வரும். சீனாவின் ஹூவாவே நிறுவனத்தின் கருவிகளை 5ஜி வலையமைப்பில் அனுமதிக்கலாமா என்ற கேள்வியில், ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கலாம் என்ற தொழில்நுட்ப மதிப்பீட்டை பிரிட்டனின் மையம் தந்தது. 2020 ஜனவரியில் அரசு 35 சதவீத வரம்போடு அனுமதித்தது. மே மாதம் அமெரிக்கா சிப் வழங்கலைத் தடுக்கும் தடைகளை விதித்ததும், நம்பகமான உதிரிப் பாகங்கள் இனிக் கிடைக்குமா என்ற புதிய கேள்வி எழுந்தது. மையம் தன் மதிப்பீட்டைத் திருத்தியது. ஜூலையில் அரசு, 2027க்குள் அந்நிறுவனத்தின் கருவிகளை 5ஜியிலிருந்து அகற்ற ஆணையிட்டது. வாஷிங்டனின் அழுத்தத்துக்கு அரசு பணிந்தது என்று கருதுபவர்கள் உண்டு. மையத்தின் தலைவரைப் பொறுத்தவரை, ஆபத்து இவ்வளவு என்று அளந்து சொல்வது அவர் வேலை, அதை ஏற்பதா இல்லையா என்பது அமைச்சரவையின் வேலை. இந்தக் கோட்டை அழித்துவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லும் அளவை யாரும் அளவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இந்தக் கோட்டில் நின்றதற்கு மிக அதிக விலை கொடுத்தவர் சிஸாவின் முதல் இயக்குநர் கிறிஸ் கிரெப்ஸ். தேர்தல் அமைப்புகளைக் காப்பதும் அந்த அமைப்பின் பொறுப்பு. ஆனால் அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்களும் மாவட்டங்களும்தான். அவர்கள் அழைத்தால்தான் சிஸா உள்ளே போக முடியும். கிரெப்ஸ் பல ஆண்டுகள் அந்த அதிகாரிகளின் நம்பிக்கையைச் சம்பாதித்தார்; 2020 தேர்தலை ஒட்டி, பரவும் வதந்திகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் பக்கம் ஒன்றையும் தொடங்கினார். நவம்பர் 12 அன்று, நடந்து முடிந்த தேர்தல் அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பாதுகாப்பானது என்று தேர்தல் அதிகாரிகளுடன் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையைச் சிஸா பதிப்பித்தது. முடிவை ஏற்க மறுத்துக்கொண்டிருந்த அதிபர் டிரம்ப், நவம்பர் 17 அன்று ட்விட்டரில் ஒரு பதிவிட்டு அவரைப் பதவி நீக்கினார். 2025 ஏப்ரலில், மீண்டும் அதிபரான டிரம்ப், ரகசியத் தகவல்களைப் பார்க்க கிரெப்ஸுக்கு இருந்த பாதுகாப்பு அனுமதியை ரத்து செய்து, அவர் பதவியிலிருந்த காலத்தை விசாரிக்கவும் உத்தரவிட்டார். கிரெப்ஸ் தாம் பணிபுரிந்த தனியார் நிறுவனத்திலிருந்தும் விலகினார்.

பிரிட்டன் மையத்தின் தலைவர் அரசு ஊழியர், ஆட்சி மாறினாலும் அவர் தொடரலாம். சிஸாவின் இயக்குநரை அதிபர் நியமித்து மேலவை உறுதிப்படுத்துகிறது. அதிபர் மாறும்போது அவரும் பெரும்பாலும் போய்விடுவார். கிரெப்ஸுக்குப் பின் வந்த ஜென் ஈஸ்டர்லி 2025 ஜனவரி 20 அன்று, புதிய அதிபர் பதவியேற்ற அதே நாளில், பொறுப்பை விட்டார். தாக்குபவர்கள் ஒரு வலையமைப்புக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கத் தயங்காத காலத்தில், ஒரு மருத்துவமனை நிர்வாகி நள்ளிரவில் அழைத்துப் பேசும் அளவுக்குப் பழகிய ஒருவரை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது எனக்குச் சரியான ஏற்பாடாகத் தோன்றவில்லை.